பறவை எண்ணப் போன பிள்ளைகள்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர்களில் கிறிஸ்துமஸ் விழாவையொட்டி ஒரு விளையாட்டு நடைபெற்று வந்தது. ஊரார் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துகொள்வர். துப்பாக்கிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்கும் வயல்வெளிக்கும் கிளம்புவர். இன்ன பறவை, இன்ன விலங்கு என்ற வரைமுறை கிடையாது. இறகு உள்ளதையும் உரோமம் உள்ளதையும் கண்ட இடத்தில் சுடலாம். பொழுது சாய்ந்ததும் இரு கட்சியினரும் தாம் கொன்றவற்றைக் குவித்து வைத்து எண்ணுவர். எவருடைய குவியல் பெரிதோ அவர் வென்றவர். உண்பதற்காக நடந்த வேட்டையன்று இது; பண்டிகைப் பொழுதுபோக்கு.

இன்று அதே நாட்டில் அதே கிறிஸ்துமஸ் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் விடியற்காலையில் கிளம்புகின்றனர். பிள்ளைகளையும் அழைத்துச் செல்கின்றனர். குழுக்களாகப் பிரிகின்றனர், ஆளுக்கொரு திசையை எடுத்துக்கொள்கின்றனர். மாலையில் ஓரிடத்தில் கூடிச் சூடான உணவருந்திக்கொண்டே கணக்குப் பார்க்கின்றனர். எந்தக் குழு அதிக இனங்களைக் கண்டது என்ற போட்டியும் குறையவில்லை. பறவைகள் மட்டும் உயிரோடு இருக்கின்றன.

குடும்பத்தோடு வெளியே போய்ப் பறவை பார்ப்பது என்பது மனிதனுக்கு இயல்பாகவே வந்த பழக்கம் போல நமக்குத் தோன்றலாம். உண்மையில் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது பெரிதும் கடந்த நூற்று முப்பது, நூற்று நாற்பது ஆண்டுகளில் உருவானது.

கையில் இருந்தால்தான் பறவை

அக்காலத்தில் சுட்டவர்கள் வேட்டைக்காரர்கள் மட்டும் அல்லர், அறிஞர்களும் சுட்டார்கள். ஒரு பறவை இன்ன இனத்தைச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் அதைக் கையில் பிடித்து அலகை அளக்க வேண்டும். சிறகின் நீளத்தைக் குறிக்க வேண்டும். அமெரிக்கப் பறவையியலின் பெரும் பெயர்களுள் ஒருவரான எலியட் கூஸ், களப் பறவையியலுக்கென்று 1874-ல் எழுதிய நூலில் இரட்டைக்குழல் துப்பாக்கியையே முதன்மைக் கருவியாக வைத்தார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. வெறுங்கண்ணுக்கு எட்டாத மரவுச்சியில் தாவித் திரியும் சிறு குருவியை அறிய அன்று வேறு வழி குறைவு.

சிறுவர்களின் பங்கு வேறு விதமானது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பள்ளிச் சிறுவர்கள் பறவைக் கூடுகளைத் தேடிப் போய் முட்டைகளை எடுத்துவந்தனர். ஓட்டில் சிறு துளையிட்டு, உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றி, வெற்று ஓட்டைப் பஞ்சு பரப்பிய பெட்டியில் அடுக்கி வைப்பர். இன்று தபால்தலை சேர்ப்பது போல் அன்று முட்டை சேர்ப்பது நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற பொழுதுபோக்காகக் கருதப்பட்டது. பெற்றோரும் மறுக்கவில்லை, இயற்கை அறிவு வளர்கிறது என்று மகிழ்ந்தனர்.

பெண்களோ பறவைகளைத் தலையில் சூடினர். நாரையின் இனப்பெருக்கக் காலத் தூவிகளும், சில வேளைகளில் முழுப் பறவைகளுமே தொப்பிகளின் மேல் அமர்ந்தன. 1886-ல் நியூயார்க் நகரத் தெருக்களில் இரண்டு மாலைப் பொழுதுகள் நடந்து போன பிராங்க் சாப்மன் என்னும் இளைஞர், எதிர்ப்பட்ட பெண்களின் தொப்பிகளைக் கணக்கிட்டார். 700 தொப்பிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இறகு சூடியவை. அவற்றில் 40 பறவை இனங்களை அவரால் அடையாளம் காண முடிந்தது! மாநகரின் நடுவே நடந்த இந்த நடைதான் சாப்மனின் முதல் புகழ்பெற்ற பறவைக் கணக்கு என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

நாடகக் கண்ணாடி

அதே 1886-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்மித் கல்லூரியில் பிளாரன்ஸ் மெரியம் என்ற மாணவி தம் தோழியருக்குப் பறவைகளை அறிமுகப்படுத்தத் தொடங்கினார். தொப்பியில் இறகு வைக்காதீர்கள் என்று சொற்பொழிவு செய்வதைவிட, உயிருள்ள பறவையை ஒருமுறை காட்டிவிடுவது மேல் என்பது அவர் எண்ணம். இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் வரவழைக்கப்பட்டார். விடியற்காலையில் மாணவியர் அவருடன் வயல்களில் நடந்தனர். பார்த்த பறவையைத் தலையில் சூடிக்கொள்ளப் பலருக்கு மனம் வரவில்லை.

1889-ல், தமது 26ஆம் வயதில், அவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். 'நாடகக் கண்ணாடி வழியே பறவைகள்' என்பது அதன் பெயரின் பொருள். இளைஞர்களுக்கான நூல் வரிசை ஒன்றில் அது வெளிவந்தது. நாடக அரங்கில் பின்வரிசையில் அமர்ந்தவர்கள் நடிகர்களின் முகத்தைப் பார்க்கப் பயன்படுத்திய கைக்கண்ணாடியே நாடகக் கண்ணாடி. இரண்டு மூன்று மடங்குதான் பெரிதாக்கிக் காட்டும். ஆயினும் வசதியுள்ள பல வீடுகளில் அது இருந்தது; அம்மாவின் கைப்பையிலிருந்து எடுத்துப் பிள்ளையிடம் கொடுக்கலாம். துப்பாக்கியை அப்படிக் கொடுக்க இயலுமா? பறவையியலில் பெண்களும் குழந்தைகளும் நுழைந்த வாசல் இதுவே எனலாம்.

கருவிகளும் விரைவில் முன்னேறின. 1894-ல் ஜெர்மனியின் யேனா நகரிலிருந்த சைஸ் நிறுவனம் முப்பட்டகங்கள் பொருத்திய இருகண் நோக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெரிதாக்கும் திறன் கூடினால் குழாயின் நீளமும் கூடும் என்பது பழைய தொலைநோக்கியின் தொல்லை. மேலும் அதிகத் திறனுள்ள குவிவில்லை அமைப்பில் பிம்பம் தலைகீழாகத் தெரியும். முப்பட்டகங்கள் ஒளியை முன்னும் பின்னுமாக மடக்கி அனுப்புவதால் குழாய் குட்டையாகிறது. தலைகீழான பிம்பமும் நேராகிவிடுகிறது. இன்று நாம் 'பைனாகுலர்' என்று அழைக்கும் கருவிகளில் பலவும் இம்முறையில் அமைந்தவையே.

அந்த 1894ஆம் ஆண்டிலேயே மே 4-ல், பென்சில்வேனியா மாநிலத்தின் ஆயில் சிட்டி என்னும் ஊரில் பள்ளிகளின் மேற்பார்வையாளராக இருந்த சார்லஸ் பாப்காக் 'பறவை நாள்' ஒன்றைக் கொண்டாடச் செய்தார். மரம் நடு விழா பள்ளிகளில் ஏற்கெனவே இருந்தது. அதன் மாதிரியில் இது அமைந்தது. பிற ஊர்ப் பள்ளிகளும் பின்பற்றின.

1897-ல் வெளிவந்த 'குடிமகன் பறவை' என்னும் சிறுவர் நூலையும் இங்கே சொல்ல வேண்டும். கதையில் வரும் மருத்துவர் ஒருவர் பிள்ளைகளைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் அழைத்துச் சென்று, பறவைகளும் நாட்டுக்கு உழைக்கும் குடிமக்களே என்று விளக்குகிறார். நூலை எழுதிய இருவருள் ஒருவர் மேபல் ஆஸ்குட் ரைட் என்ற அம்மையார். மற்றவர் யாரென்று நினைக்கிறீர்கள்? இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பரிந்துரைத்த அதே எலியட் கூஸ்தான்.

ஆட்டம் அதுவே, கணக்கு வேறு

சாப்மன் பின்னர் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்து பறவையியல் அறிஞரானார். 1899-ல் பறவை விரும்பிகளுக்கென ஓர் இதழைத் தொடங்கினார். 1900 டிசம்பரில் அவ்விதழில் ஒரு வேண்டுகோள் வந்தது. பண்டிகை நாளன்று வழக்கம்போல் வெளியே செல்லுங்கள். ஆனால் சுடாதீர்கள், எண்ணுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எப்போது முடித்தீர்கள், வானிலை எப்படி, காற்று எத்திசை, வெப்பம் எவ்வளவு என்பவற்றையும் எழுதி அனுப்புங்கள் என்பது அதன் சாரம்.

அக்கிறிஸ்துமஸ் அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். கனடாவின் டொரண்டோ முதல் கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் வரை பரவியிருந்த அவர்கள் எல்லோருமாகக் கண்டவை ஏறத்தாழ 90 இனங்கள், 18,500 பறவைகள்.

சாப்மனின் புத்திசாலித்தனம் இதில்தான் இருக்கிறது. கொலைப் பாவம் என்று அவர் ஊராரைக் கடிந்துகொள்ளவில்லை. பண்டிகை, குளிர்காலக் காலை, கூட்டாளிகள், வெளியே போகும் உற்சாகம், மாலையில் கணக்கெடுப்பு, போட்டி ஆகிய யாவற்றையும் அப்படியே விட்டுவிட்டார். குவியலை மட்டும் எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு பட்டியலை வைத்தார். ஒரு பழக்கத்தை ஒழிக்க முயன்ற எத்தனையோ இயக்கங்கள் தோற்றிருக்க, இது நூறாண்டுகளைத் தாண்டி நிற்பதற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து.

கணக்கெடுப்புத் தொடங்கிய அதே காலத்தில், ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் வானை மறைத்துப் பறந்த பயணப் புறா அழிந்துகொண்டிருந்தது. அவ்வினத்தின் கடைசிப் பறவையான 'மார்த்தா' 1914 செப்டம்பர் 1-ல் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. அது குறைந்துவந்த பதிற்றாண்டுகளில் ஆண்டுதோறும் ஒரே முறையில் எண்ணி வைத்தவர் எவருமில்லை. எனவே எப்போது எவ்வளவு குறைந்தது என்பதை இன்று பழைய குறிப்புகளைக் கொண்டு ஊகிக்கத்தான் முடிகிறது.

பொழுதுபோக்காளரும் பிள்ளைகளும் எண்ணிய எண்ணிக்கை எப்படி அறிவியலாகும் என்று கேட்கலாம். நியாயமான ஐயமே. ஒருவர் அதிகமாக எண்ணுவார், மற்றவர் குறைவாக எண்ணுவார். இதற்கு விடை, எண்ணும் முறையை மாற்றாமல் வைத்திருப்பதில் உள்ளது. கிறிஸ்துமஸ் கணக்கில் ஒவ்வொரு குழுவுக்கும் 15 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம் உண்டு. ஆண்டுதோறும் அதே வட்டம், அதே பருவம். ஆட்கள் பெருகினால் எண்ணிக்கையும் பெருகும் அல்லவா? ஆகவே கண்ட பறவைகளின் எண்ணிக்கையை, குழுக்கள் செலவிட்ட மொத்த மணி நேரத்தால் வகுத்து ஒப்பிடுகிறார்கள். சாப்மன் நேரத்தைக் குறிக்கச் சொன்னதன் பயன் இப்போது விளங்கும். தனியொருவரின் பிழை பெரிதாயினும், ஆயிரம் பட்டியல்கள் சேரும்போது மேல் பிழையும் கீழ்ப் பிழையும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. நெடுங்காலப் போக்கு தெளிவாகிறது.

அப்படித் தெளிவான ஒரு செய்தி 2009-ல் வெளியானது. நாற்பது ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்தபோது, பரவலாகக் காணப்படும் 305 இனங்களில் 177 இனங்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் இடத்தை வடக்கு நோக்கி நகர்த்தியிருந்தன. குளிர் குறைந்துவருவதைப் பறவைகள் தம் இருப்பிடத்தால் எழுதிக் காட்டியிருந்தன. 1970 முதல் வட அமெரிக்கா ஏறக்குறைய 300 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று 2019-ல் வெளிவந்த ஆய்விலும் பொதுமக்களின் கணக்குகள் பங்கு பெற்றன.

அறிவியலுக்கு இன்னொரு வகையிலும் பிள்ளைகள் பயன்பட்டனர். 1908-ல் பிறந்த ரோஜர் டோரி பீட்டர்சன், பள்ளியில் படிக்கையில் பிளான்ச் ஹார்ன்பெக் என்னும் ஆசிரியை தொடங்கிய இளையோர் பறவைக் கழகத்தில் சேர்ந்தார். 11 வயதில் ஒருநாள் மரத்தில் அசையாது கிடந்த மரங்கொத்தி ஒன்றை இறந்துவிட்டது என்று எண்ணித் தொட்டார். அது திடுக்கிட்டு விழித்துத் தங்க நிறச் சிறகை விரித்துப் பறந்தது. அக்கணத்தை அவர் ஆயுள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார். 1934-ல் அவர் வெளியிட்ட களக் கையேடு, ஒவ்வொரு பறவையிலும் தூரத்திலிருந்தே தெரியும் அடையாளத்தைச் சிறு கோடு இட்டுச் சுட்டியது. வால் ஓரத்தில் வெள்ளையா, கண்ணுக்கு மேல் பட்டையா என்று பார்த்தால் போதும். பல பதிப்பாளர்கள் மறுத்த பிறகு 2,000 படிகளே அச்சாகின. விரைவிலேயே அனைத்தும் விற்றுப்போயின. அளவுகோலும் துப்பாக்கியும் இல்லாத ஒரு சிறுமிக்கும் இனி பறவையின் பெயர் கிடைத்துவிடும்.

முட்டைப் பெட்டியும் ஒரு மணி நேரமும்

இங்கிலாந்தில் மாற்றம் மெல்ல நடந்தது. இறகு வாணிகத்தை எதிர்த்துப் பெண்கள் 1889-ல் தொடங்கிய பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1904-ல் அரச பட்டயம் பெற்றது. ஆனால் சிறுவர்களின் முட்டைப் பெட்டிகள் தொடர்ந்தன. 1954ஆம் ஆண்டின் பறவைப் பாதுகாப்புச் சட்டமே காட்டுப் பறவைகளின் முட்டைகளை எடுப்பதைப் பொதுவாகத் தடை செய்தது.

அந்தப் பெட்டிகளால் ஒரு நன்மையும் விளைந்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1967-ல் டெரிக் ராட்கிளிப் என்னும் அறிஞர், பழைய சேகரிப்புகளிலிருந்த வல்லூறு முட்டை ஓடுகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, 1947-ஐ ஒட்டி ஓடுகள் திடீரென மெலிந்துவிட்டதைக் காட்டினார். டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகளின் தீமையை மெய்ப்பிக்க அது பெருந்துணையாயிற்று. திருடி வைத்த முட்டையே சாட்சி சொன்னது!

சட்டம் தடுத்தால் மட்டும் போதாது. விடுமுறை நாளில் கை பரபரக்கும் பிள்ளைக்கு வேறு வேலை வேண்டும். சங்கம் 1965-ல் இளம் பறவையியலார் கழகத்தை அமைத்தது. 1979-ல் அக்கழகத்துப் பிள்ளைகளுக்குக் குளிர்காலத்தில் ஒரு சிறு பணி தர எண்ணினார்கள். வீட்டுத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் பறவைகளை எண்ணி எழுதி அனுப்ப வேண்டும். பி.பி.சி. தொலைக்காட்சியின் புகழ்பெற்ற சிறுவர் நிகழ்ச்சியில் இச்செய்தி அறிவிக்கப்பட்டது. சில நூறு கடிதங்கள் வரலாம் என்று காத்திருந்தவர்களுக்கு 34,000 படிவங்கள் மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தன.

இதன் விதி குழந்தைக்கும் புரியக்கூடியது. ஒரு மணி நேரத்தில் வந்த பறவைகளையெல்லாம் கூட்டக் கூடாது. ஓர் இனத்தில் ஒரே சமயத்தில் அதிகமாக எத்தனை தெரிந்தன என்பதை மட்டும் எழுத வேண்டும். காலை 9 மணிக்கு மூன்று குருவிகள் வந்து பறந்தன, 9.20-க்கு நான்கு வந்தன என்றால் விடை ஏழு அன்று, நான்கு. முதலில் வந்தவையே திரும்பி வந்திருக்கலாம் அல்லவா? கூட்டல் அறிந்த பிள்ளைக்கு, எங்கே கூட்டக் கூடாது என்பதையும் இவ்விதி கற்றுக்கொடுத்தது. ஒரு மணி நேரம் என்ற அளவும் பொருத்தமே. ஆறு வயதுக் குழந்தை அதற்கு மேல் சன்னலருகே உட்காராது. அதற்குள்ளேயே அது எறும்பையும் அணிலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரும், அதில் தவறொன்றுமில்லை.

2001-ல் பெரியவர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஆண்டுகள் சென்றபின் படிவங்களை ஒப்பிட்டவர்கள் திகைத்தனர். 1979-ல் தோட்டத்துக்குச் சராசரி 15 என்ற அளவில் வந்துகொண்டிருந்த ஸ்டார்லிங் என்னும் பறவை, அதாவது நம் மைனாவின் உறவினர், ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. சிட்டுக்குருவி பாதிக்கு மேல் குறைந்தது. 2002-ல் அந்நாட்டின் பாதுகாப்புப் பட்டியலில் இவ்விரண்டும் மிகுந்த கவனம் தேவைப்படும் சிவப்புப் பிரிவில் சேர்க்கப்பட்டன. அரிய பறவைகளின்மீதுதான் அறிஞர்களின் கண் பொதுவாக இருக்கும். முற்றத்துக் குருவி குறைவதைக் கவனிக்க முற்றத்தில் இருப்பவர்கள்தாம் வேண்டியிருந்தது.

நம் நாட்டில்

அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டில் நிகழ்ந்த இம்மாற்றத்தை இந்தியாவில் ஒரே மனிதரின் வாழ்க்கையில் காணலாம். 1896-ல் பிறந்த சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது மாமா தந்த காற்றுத் துப்பாக்கியால் குருவிகளைச் சுட்டு விளையாடியவர்தாம். 1908-ஐ ஒட்டி அவர் வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. இது என்ன பறவை என்று அறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே செயலாளர் மில்லார்டு, சிறுவன்தானே என்று விரட்டாமல், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறி, கழகத்திலிருந்த பறவைத் தொகுப்பையும் காட்டினார். அச்சிறுவன் 1941-ல் எழுதி வெளியிட்ட 'இந்தியப் பறவைகள்' என்ற நூல்தான், வண்ணப் படத்தைப் பார்த்துத் தோட்டத்துப் பறவையின் பெயரைச் சொல்லும் பழக்கத்தை எத்தனையோ இந்தியக் குடும்பங்களுக்குத் தந்தது.

எண்ணும் பழக்கம் சற்றுப் பிந்தி வந்தது. 1998-ல் அமெரிக்காவில் 'கொல்லைப்புறப் பறவைக் கணக்கு' தொடங்கியது. குறைந்தது 15 நிமிடம் பார்த்தால் போதும் என்ற எளிமையால் அது பரவிற்று. 2013-ல் உலகெங்கும் விரிந்தபோது இந்தியாவும் கலந்துகொண்டது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தனியே ஒரு கணக்கெடுப்பை நடத்தி வருகின்றனர். காணும் பொங்கல் நம் மக்கள் ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் குடும்பத்தோடு போகும் நாள். வடக்கிலிருந்து வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் நம் ஏரிகளில் தங்கியிருக்கும் பருவமும் அதுவே. சாப்மன் கிறிஸ்துமசைப் பிடித்துக்கொண்டது போல் இவர்கள் பொங்கலைப் பிடித்துக்கொண்டார்கள்.

இத்தகைய பட்டியல்கள் சேர்ந்ததால்தான் 2020-ல் 867 இனங்களைப் பற்றி 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வெளிவர முடிந்தது. அலைபேசிக் கோபுரங்களால் சிட்டுக்குருவி அழிந்தே போயிற்று என்று மேடைதோறும் பேசப்பட்டு வந்த நேரம் அது. கணக்கு வேறொன்றைக் காட்டியது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் இருபத்தைந்து ஆண்டுகளில் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாகவே இருந்திருக்கிறது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்து வந்திருக்கிறது. இங்கிலாந்தில் இல்லாதது என்று எவரும் நினைக்காத இழப்பைக் கணக்கு வெளிக்கொணர்ந்தது. இங்கே இருப்பதாக எல்லோரும் நம்பிய பேரழிவை அதே கணக்கு மறுத்தது. கவலைப்பட வேண்டிய பறவைகள் பல உண்டு, அவை வேறு.

பொங்கல் கணக்கில் சேர விரும்பும் வீட்டார்க்கு ஒரு குறிப்பு. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்றோ நடந்தோ, கண்டும் கேட்டும் அறிந்த எல்லா இனங்களையும் எழுத வேண்டும். அழகான மீன்கொத்தியை எழுதிவிட்டுக் காகத்தை விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில் ஒரு பறவை இல்லையென்றால்தான் அது அங்கே தென்படவில்லை என்று ஆய்வாளர் பொருள் கொள்ள முடியும். கணுப் பொங்கல் காலையில் பெண்களும் சிறுமியரும் மஞ்சள் இலையில் வண்ணச் சோற்றுருண்டைகளை வைத்துக் காக்கையை அழைக்கும் வீடுகளில், பட்டியலின் முதல் பறவைக்கு வெளியே போகவும் தேவையில்லை.